கண்ணாடியில் வைத்த ரேஷன் கார்டு

அப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது. அதில் ஒரு பாதியில் கம்ப்யூட்டர். மறு பாதியில் நான் படம் வரைவேன். பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த மெஷினை வாங்குவதா, இரண்டையும் தனித்தனியாக வாங்குவதா என்ற பேச்சு வந்தபோது என் கணவர் முதலில் எடுத்தது அளவு டேப்பைத்தான். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எதையும் அளந்த பிறகுதான் பேசுவார்.

"ஏளா, மேசையில ஒரு பொட்டிக்குத்தான் எடம் இருக்கு. ரெண்டு பொட்டி வச்சா நீ கட்டில்ல உக்காந்துதான் வரையணும்" என்றார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய பேச்சு மட்டும் ஊரிலேயே இருந்தது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் பனியனிலும் கவுனிலும் நெஞ்சுப் பக்கம் பூ, மீன், கோழிக்குஞ்சு என்று எம்பிராய்டரி இருக்கும். அதற்குப் படம் வரைந்து கொடுப்பதுதான் வேலை. வரைய யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றேன். துணியில் குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவோம். வேலை குறைவான ஒரு நாளில் அந்த ஸ்டிக்கர்களில் கோழிக்குஞ்சு வரைந்து ஒட்டிவிட்டேன். ஓட்டை இருந்த இடமெல்லாம் கோழிக்குஞ்சு. திட்டுத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன். மெர்ச்சண்டைசர் அந்த ஸ்டிக்கரில் நாலைந்தை உரித்து எடுத்துக்கொண்டு போனார். வெளிநாட்டு பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவர், இந்தப் பக்கத்துக்காரர், எல்லாப் பெண்களையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் என்னை சாம்பிள் ரூமில் உட்காரவைத்தார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள். யாராவது பின்னால் வந்து நின்றால் என் கை நின்றுவிடும். நாலு நாள் உட்கார்ந்தேன். ஒரு கோடு விழவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவும் கூச்சமாக இருந்ததால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் அவர் வந்து வெள்ளைத் தாளைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, நீங்க பேப்பருக்குக் காவல் காக்கவா வந்தீங்க? ஊட்டுலயே வெச்சு வரைங்க, போங்க" என்றார்.

அதிலிருந்து ஆறு வருடம் வீட்டில்தான் வேலை. வரைந்த படம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த எம்பிராய்டரி யூனிட்டுக்குப் போகும். அவர்கள் தைத்த சாம்பிள் துணி நேராக என்னிடம் வரும். நான் அதைப் படத்தோடு ஒப்பிட்டு, இதழ் நுனி இன்னும் கூராக வேண்டும், தண்டு இரண்டு நூல் மெலிய வேண்டும் என்று குறித்து அனுப்புவேன். கடைசியில் சரியானதை என் கணவர் தன் பையில் போட்டு பல்லடம் ரோட்டில் இருந்த கம்பெனிக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து கூரியரில் பையருக்குப் போகும்.

வீடுகளுக்கு பிராட்பேண்ட் வரத் தொடங்கிய சமயத்தில் இந்த ஏற்பாடு மாறியது. கூரியருக்குக் காத்திருக்க பையருக்குப் பொறுமை இல்லை. தைத்த சாம்பிளை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். போட்டோ எடுத்தால் நிறம் மாறிவிடுகிறதாம். அவர்களுக்கு விடியும்போது நமக்கு மத்தியானம் ஆகிவிடும். இரண்டு மணி வாக்கில் கமெண்ட் வரும். ஐந்து மணிக்குள் திருத்தி மறுபடியும் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும்.

முதல் ஒரு மாதம் மெயின் ரோட்டில் இருந்த டி.டி.பி. கடைக்குப் போனேன். அதை நடத்தியவர் என் வயதுப் பெண். அவருடைய மேசையில் சிமெண்ட் நிறத்தில் கனமான பழைய ஸ்கேனர் ஒன்று இருந்தது. துணியை வைத்து மூடினால் ஒரு நிமிடம் விளக்கு சூடேறும். அப்புறம்தான் நகரும். படம் நன்றாக வந்தது. ஆனால் ஒன்றிலிருந்து ஐந்து மணி வரை அவர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். பையர் விழிக்கும் நேரத்தில் கடை மூடியிருக்கும். இரண்டு தடவை பதில் மறுநாள்தான் போனது.

மெர்ச்சண்டைசர் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "சாம்பிள் ரூம்ல ஒரு சேர் காலியா இருக்குதுங்க்கா. ஸ்கேனரும் பக்கத்துலயே இருக்குது. ஊட்டுலயே எல்லா வசதியும் பண்ணிக்க முடியும்னா பண்ணிக்கங்க. இல்லீனா அடுத்த சீசன்ல இருந்து அங்க வந்துறோணுங்க. எனக்கும் வேற வழி தெரியலீங்க."

அந்தச் சேர் எனக்குத் தெரியும். கதவைப் பார்த்தபடி கிடக்கும் சேர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும், "ஊட்டுக்குங்களா, ஆபீசுக்குங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குத்தான்" என்றார் என் கணவர்.

"ஊட்டுக்குன்னா யோசனையே வேண்டாமுங்க. இத எடுத்துக்கங்க. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூணும் இதுலயே முடிஞ்சுருமுங்க. ஒரே பிளக், ஒரே வயர். எடமும் மிச்சமுங்க."

வெள்ளையும் சாம்பலுமாக அழகாக இருந்தது. மேல்மூடி மெலிசு. அடித்தட்டில் தனி ஸ்கேனர் ஒன்று தூசியோடு கிடந்தது. டி.டி.பி. கடையில் இருந்ததைப் போலவே தடியானது. என் கண் அதன்மேல் போனதை விற்பனையாளர் கவனித்துவிட்டார்.

"அது பழைய மாடலுங்க. இப்ப யாரும் கேக்கறதில்லீங்க. சும்மா எடத்த அடைச்சுட்டுக் கெடக்குது."

என் கணவர் டேப்பை எடுத்துச் சேர்ந்த மெஷினை அளந்தார். அகலம், ஆழம், மூடியைத் திறந்தால் வரும் உயரம். பிறகு தனி பிரிண்டரையும் தடி ஸ்கேனரையும் அளந்தார். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, "சட்டை தெக்கறீங்களாண்ணா அதுக்கு?" என்றார்.

"தச்சாலும் தைப்பேன். ஏளா, மூணு வேலைய ஒரே பொட்டி பாக்குதுன்னா பொறவு எதுக்கு ரெண்டு பொட்டி?" என்றார் என்னிடம்.

என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவரும் அதற்குள் அந்த வாரத்துச் சாம்பிளும் இருந்தன. பச்சை ஆமை. ஓட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் நூலால் தைத்திருந்தார்கள். குழந்தை தொட்டால் முதுகு மெத்தென்று இருக்கும். அதைத்தான் பையர் விரும்பிக் கேட்டிருந்தார்.

"எதாச்சும் குடுங்க, வெச்சுக் காட்டறேன்" என்றார் விற்பனையாளர்.

கேட்க வேண்டியது ஒரே வரிதான். துணியை வைத்தால் எப்படி வரும்? மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்தேன். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் தங்கள் முறைக்காக நின்றிருந்தார்கள். அதற்குள் என் கணவர் சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டிவிட்டார். தவணைக்கு முகவரி காட்ட வேண்டும் என்று கொண்டுவந்தது. அதைக் கண்ணாடியில் வைத்து மூடினார்கள். அடுத்த நிமிடம் திரையில் அதே கார்டு. மண்ணெண்ணெய் வாங்கியதற்கு அடித்த முத்திரையில் மை கசிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"கார்டவிட இது நல்லா இருக்கே" என்றார் என் கணவர்.

நான் ஜிப்பை மூடினேன்.

முதல் மூன்று நாள் எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்று நாளும் நான் ஸ்கேன் செய்தது தாள்களை மட்டும்தான். பென்சில் கோடு, நிற எண், அம்புக்குறி எல்லாம் துல்லியமாகப் போயின. அதற்குள் நாங்கள் மெஷின் வாங்கியது ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழ், கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். என் கணவர் எல்லாருக்கும் கலரிலேயே எடுத்துக் கொடுத்தார். வீட்டு ஓனரம்மா தன் பேத்தியின் காதுகுத்துப் போட்டோவைக் கொண்டுவந்து ஆறு பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் ஆமையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். முதுகின் உச்சி, கண்ணாடியைத் தொட்ட இடம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெளிவாக வந்தது. அதைச் சுற்றி எல்லாம் மங்கல். கால்கள் நீரில் கரைந்த மாதிரி இருந்தன. தலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. துணியில் இருந்து உதிர்ந்த பஞ்சு மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நன்றாகத் தெரிந்தது. பஞ்சைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மூடிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். ஆமை சப்பையானதே தவிர, படம் தெளியவில்லை. வேறு வழியில்லாமல் இருந்ததில் நல்லதை அனுப்பினேன்.

மெர்ச்சண்டைசர் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க்கா, ஆமையப் புகைக்குள்ள உட்டுட்டீங்களா? பையர் கேக்கறாங்க, இது ஆமையா மேகமான்னு."

"மெஷின் புதுசுங்க. இன்னொரு தடவ எடுத்து அனுப்பறேன்."

"நாளைக்கு வரைக்கும் டைம் கேட்டுருக்கறேங்க. நாளைக்கும் இப்புடியே வந்துச்சுன்னா திங்கக்கெழம இங்க வந்து உக்காந்துருங்க்கா. கோவிச்சுக்காதீங்க. சேரைத் தொடச்சு வெக்கச் சொல்லிப்போட்டேன்."

கணவரிடம் சொன்னேன். அவர் மெஷினை விட்டுக்கொடுக்கவில்லை. "ரேஷன் கார்ட எப்படி எடுத்துச்சுன்னு நீயும் பாத்தல்லா? மெஷின் சரியாத்தான் இருக்கு. ஒன் ஆமைதான் உப்பிப் போயிருக்கு" என்றார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, ஆமையின் ஓரங்களை ஊசிநூலால் அட்டையில் இழுத்துக் கட்டி எடுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மெஷினில் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. நீல மை தீர்ந்துவிட்டது, மாற்று என்று திரையில் வந்தது. காதுகுத்துப் போட்டோவில் பேத்தி கட்டியிருந்த நீலப் பட்டுப்பாவாடை நினைவுக்கு வந்தது. சரி, அச்சடிக்க வேண்டாம், ஸ்கேன் மட்டும் செய்யலாம் என்று பொத்தானை அழுத்தினேன். அதற்கும் அதே பதில். மை மாற்றும் வரை எந்த வேலையும் நடக்காதாம். அச்சடிக்க மை வேண்டும். பார்ப்பதற்கு எதற்கு மை என்று எனக்குப் புரியவில்லை. அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்கு டி.டி.பி. கடைக்குப் போனேன். அந்தப் பெண் ஆமையை வாங்கிக் கண்ணாடியில் வைத்தார். விளக்கு சூடேறி மெதுவாக நகர்ந்தது. திரையில் ஆமை வந்தது. முதுகும் தெரிந்தது, காலும் தெரிந்தது. கால் விரலுக்குத் தைத்திருந்த மூன்று நூலையும் எண்ண முடிந்தது.

"எங்க வீட்டு மெஷின்ல ஏங்க இப்படி வர மாட்டேங்குது?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "அட, பேசுவீங்களா? ஒரு மாசமா வர்றீங்க, துணியக் குடுக்கறீங்க, வாங்கிட்டுப் போறீங்க. நான் உங்களுக்குப் பேச்சு வராதுன்னே நெனச்சுட்டு இருந்தேனுங்க."

பிறகு விவரமாகச் சொன்னார். தன் கையைக் கண்ணாடிக்கு அரை விரல் மேலே தொடாமல் பிடித்து ஸ்கேன் செய்து காட்டினார். ரேகைகூடத் தெரிந்தது. "இதுக்குள்ள கண்ணாடியும் லென்ஸும் இருக்குதுங்க. கொஞ்சம் தள்ளி இருக்கறதும் தெரியும். அதுனாலதான் இது இவ்வளவு தடி. இப்ப வர்ற மெலிசு மெசினுக்கு ஒட்டி இருந்தாத்தான் கண்ணு தெரியும். பேப்பருக்கு அது போதும். மேடும் பள்ளமுமா இருக்கற துணிக்கு ஆகாதுங்க. வாங்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

கேட்டிருக்கலாம்.

ஆமையை அங்கிருந்தே மெயிலில் அனுப்பினோம். ஆனால் இரண்டு மணிக்குக் கமெண்ட் வரும். அப்போது இந்தக் கடை சாத்தியிருக்கும். நான் வீட்டுக்குத் திரும்பாமல் பஸ் ஏறிக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஒரு கடைக்குத் தனியாகப் போய், காய்கறி அல்லாத ஒன்றைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அதே விற்பனையாளர். அதே போல எனக்குப் பின்னால் ஆட்கள். கவரில் இருந்து ஆமையை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

"இத அதுல வச்சுக் காட்டுங்க."

"எதுலீங்க?"

"கீழ கெடக்கே, அந்தத் தடி ஸ்கேனர்ல."

அவர் குனிந்து எடுத்தார். வயர் இல்லை. உள்ளே போய்த் தேடினார். நான் ஆமையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர், "ஏங்க, நேரம் ஆகுமுங்களா?" என்று கேட்டார். "கொஞ்சம் ஆகுங்க" என்றேன். எனக்கே என் சத்தம் கூடுதலாகக் கேட்டது. வயர் கிடைத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து, விளக்கு சூடேறி முடிவதற்குள் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆமை தெளிவாக வந்தது. இன்னும் ஒரு தடவை, திருப்பி வைத்து எடுக்கச் சொன்னேன். அதுவும் தெளிவாக வந்தது.

"துணி வெக்கறதுக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா இதையே எடுத்துக் குடுத்திருப்பேனுங்க" என்றார் விற்பனையாளர். "நீங்க ஊட்டுக்குன்னுதானுங்க சொன்னீங்க?"

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு என்றால் சான்றிதழும் ரேஷன் கார்டும் வைப்பார்கள் என்று அவர் நினைத்தார். திருப்பூரில் பாதி வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கம்பெனி வேலை கிடக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடையில் நின்றபோது இரண்டு பக்கத்திலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திறந்த மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றார். நானும் கேட்கவில்லை. தடி ஸ்கேனரையும் அதே தவணைக் கணக்கில் எழுதச் சொல்லி வாங்கி, துணிப்பையில் வைத்து மடியில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தேன்.

மேசையில் என் பாதியில் அது உட்கார்ந்தது. சேர்ந்த மெஷினை இறக்கி, கவிழ்த்துப் போட்ட ஏற்றுமதி அட்டைப்பெட்டி மேல் வைத்தேன். இரண்டரை மணிக்குப் பையரின் கமெண்ட் வந்தது. கால்கள் நன்றாக இருக்கின்றன, கண் சிறியதாக இருக்கிறது. யூனிட்டுக்கு எடுத்துப்போய்க் கண்ணை மட்டும் பெரிதாகத் தைத்து வாங்கிவந்தேன். நாலே முக்காலுக்கு ஸ்கேன் அனுப்பியாயிற்று.

சாயங்காலம் கணவர் வந்தார். மேசையைப் பார்த்தார், அட்டைப்பெட்டியைப் பார்த்தார். டேப்பை எடுத்து எனக்கு மிச்சமிருந்த இடத்தை அளந்தார்.

"பதினோரு இஞ்சு. இதுல என்னத்த வரைவ?"

"ஆமை மூணு இஞ்சுதாங்க."

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா நானும் ரெண்டு தடவ அளந்திருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நீல மை வாங்கிவந்தார். ஆனால் கலர் காப்பி இனி இல்லை என்று லைனில் எல்லாரிடமும் அவரே சொல்லிவிட்டார். கறுப்பில் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பகலில் வீட்டில் இருந்த எனக்கு வந்தது. ஆட்களோடு பழக வேண்டாம் என்று வாங்கிய மெஷின் வாரத்துக்குப் பத்துப் பேரை வாசலுக்குக் கூட்டிவந்தது. முதலில் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். போகப்போக, எத்தனை காப்பி, முன்பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா என்று கேட்கப் பழகினேன். அவர்கள் பின்னால் நிற்கும்போது என்னால் காப்பி எடுக்க முடிந்தது. வரையத்தான் முடியவில்லை. இன்றைக்கும் முடியாது.

ஆமையை அனுப்பிய அந்த வாரம் முடிந்து, திங்கட்கிழமை காலையில் மெர்ச்சண்டைசர் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, ஆமை ஓகே ஆயிருச்சுங்க. கால் வெரலக்கூட எண்ணிப் பாத்துட்டாங்களாமா. எங்க வெச்சு ஸ்கேன் பண்ணுனீங்க?"

"வீட்டுலதாங்க."

"அப்பறம் சரியுங்க. அந்தச் சேரு சும்மாதான் இருக்குது. வேற ஆளுக்குக் குடுத்துறட்டுங்களா?"

"குடுத்துருங்க" என்றேன்.

வாசலில் வீட்டு ஓனரம்மா ரேஷன் கார்டோடு நின்றிருந்தார். "கண்ணு, ரெண்டு பக்கமும் எடுத்துக் குடு. கறுப்புலயே போதும்" என்றார்.